வெறும் வளை

"கிட்ட வராதீங்க ஐயா, வளைக்குள்ள பாம்பு கெடக்கும்!" அப்பாசாமி மண்வெட்டியோடு எச்சரித்தார்.

ஆராய்ச்சிக்கு எலி பிடிக்க, 1936இல் சென்னையிலிருந்து கொல்லிமலைக்கு வந்திருந்த பேராசிரியர் தேவசகாயம் எட்டவே நின்றுகொண்டார். அப்பாசாமி ஐந்து நாளாக வளை தோண்டி, எலிகளைக் கூண்டில் அடைத்துக் கொடுத்தார்.

"வளையில் தானியம் இருந்ததா?"

"ஒத்த மணி கூட இல்லீங்க."

'இம்மலை எலிகள் தானியம் சேர்ப்பதில்லை' என்று குறிப்பேட்டில் எழுதி முடித்துவிட்டு, அப்பாசாமி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தார் பேராசிரியர்.

"சாமைச்சோறு அருமை! இன்னும் கொஞ்சம் போடுங்கம்மா."

பெருமாயி கணவரின் காதைக் கடித்தாள்: "வளையில எடுத்த சாமை தீந்துபோச்சுங்களே!"

அப்பாசாமி பேராசிரியர் பக்கம் திரும்பினார்.

"நாளைக்கும் இருந்துட்டுப் போங்க ஐயா. இன்னும் ரெண்டு வளை தோண்டாம கெடக்குது."