ஒட்டி வந்த ஒளித்துடிப்புகள்

காலை ஆறு மணிக்குக் கடலடிக் கண்ணாடி இழையில் இரண்டு ஒளித்துடிப்புகள் புறப்பட்டன. ஏழாவது இடத்தில் முன்னே போனவள் செவ்வந்தி, எட்டாவது இடத்தில் பின்னே வந்தவன் மாறன். சாதாரணத் துடிப்புகள் தூரம் போகப் போகப் பரவி மங்கிவிடும். இவர்கள் சொலிட்டான் வகை. புறப்பட்ட வடிவத்திலேயே கரை சேருவார்கள். இடைவெளி விட்டுப் போக வேண்டும், கரையில் தனித்தனியாகத்தான் எண்ணுவார்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

பாதி வழியில் மாறன் கூப்பிட்டான். "அக்கா, கொஞ்சம் மெதுவா போங்க. பேச்சுத் துணை இல்லாம போரடிக்குது."

"இடைவெளி விடச் சொன்னாங்களே, தம்பி?"

"அது மத்தவங்களுக்கு. நாம என்ன பரவிடவா போறோம்?"

செவ்வந்தி சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைத்தாள். நெருங்க நெருங்க இருவரும் ஒருவரை ஒருவர் இழுத்தார்கள். விலக நினைத்தபோது முடியவில்லை.

கரையில் இருந்த எண்ணும் கருவி தலை நிமிராமலே சொன்னது. "ஏழாவது இடத்துல ஆள் இருக்கு. எட்டாவது இடம் காலி."

"ரெண்டு பேர் வந்திருக்கோம், சார்!" என்று செவ்வந்தி கத்தினாள்.

"எனக்கு ஒரு வெளிச்சம்தான் தெரியுதும்மா. தகவல் தப்பு, தள்ளிடுறேன்."

மார்ச் 4 முதல் அந்த இழையில் இடைவெளி இருமடங்காக்கப்பட்டது. இடம் பாதியானதால் பாதித் துடிப்புகளுக்கு வேலை போனது.