எருக்கு வாடை

எருக்கிலை ஊறும் டிரம்மை விடியும்போதே புஞ்சைக்கு ஏற்றி அனுப்பிவிட்டாள் பஞ்சவர்ணம். மிளகாய்ச் செடிக்கு அது நல்ல உரம்தான். ஆனால் நாற்றம் குடலைப் பிடுங்கும். போன தடவை மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், மூக்கைப் பொத்திக்கொண்டே எழுந்து போனார்கள்.

இன்று திருச்சுழிக்காரர்கள் வந்து உட்கார்ந்ததுமே கூடத்தில் அதே வாடை. மாப்பிள்ளையின் தாய் காப்பியைத் தொடாமல் நெளிந்தாள்.

“மதினி, கொஞ்சம் உள்ள வாங்க.”

இந்த இடமும் போச்சு என்று நினைத்துக்கொண்டே பஞ்சவர்ணம் அவளை உள்ளே கூட்டிப் போனாள்.

“தப்பா நெனைக்காதீக. பக்கத்தூருல எந் தங்கச்சி தோட்டத்துக்கு எருக்குக் கரைசல் கொண்டாந்தேன். பஸ்ஸுலயே கேன் மூடி தெறிச்சு, சேலையெல்லாம் ஊத்திருச்சு. மாத்துச் சேல இருக்குமா?”

பஞ்சவர்ணத்துக்குப் போன உயிர் வந்தது.

“ஊறுனா பொங்குமே மதினி. மூடிய இறுக்கலாமா?”