அரிசி டிரம்மின் தலை

ஒற்றை அறை வீட்டில் மேசைக்கு இடமில்லை. ஜெசிந்தா ஆபீஸ் லேப்டாப்பை அரிசி டிரம்மின் மூடிமேல் வைத்து வேலை பார்த்தாள். மதியம் உலை வைக்கும்போது, அரிசி எடுக்க அதைத் தூக்கிக் கட்டிலில் வைப்பாள்.

"தினமும் பாதி வேலையில தூக்கிடுறாங்க!" என்று லேப்டாப் சலித்துக்கொண்டது.

"ஆபீஸ்ல தூக்க மாட்டாங்களா தம்பி?" என்றது டிரம்.

"இல்லண்ணே. அங்கே அவங்க சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பும்."

மறுமாதம் சுவரில் ஒரு மடக்கு மேசை வந்தது. லேப்டாப் அதில் ஏறியது. மதியம் தாண்டியும் ஜெசிந்தா எழவில்லை. லேப்டாப் டிரம்மைப் பார்த்தது. திரையில், 'அப்டேட் ஆகிறது, காத்திருக்கவும்' என்று காட்டியது.

ஜெசிந்தா அலுத்துக்கொண்டே எழுந்து வந்து, டிரம்மைத் திறந்தாள்.

"நல்லா இருப்பே தம்பி" என்றது டிரம்.

"நீங்க வெச்ச பழக்கம்தாண்ணே."