நெட்டையன் போட்ட காவல்

"அந்த நெட்டையன் போட்டு வச்சதை மொதல்ல வேரோட பிடுங்கிப் போடும்மா!"

பழுது பார்க்க வந்த பெண் இன்னும் பையைக்கூடத் திறக்கவில்லை. அதற்குள் ஸ்டூடியோக்காரர் பொரிந்து தள்ளிவிட்டார்.

அவருக்கும் எரிச்சல் இருக்காதா? ஒரு வாரமாகக் கம்ப்யூட்டர் நினைத்தபோதெல்லாம் நீலத்திரையைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொள்கிறது. நாலு நாள் மெனக்கெட்ட கல்யாண ஆல்பம் பாதியில் கிடக்கிறது. சாயங்காலம் பெண் வீட்டார் வந்து நிற்பார்கள்.

அவள் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தட்டிப் பார்த்தாள்.

"சார், இதுல ரெண்டு ஆன்டிவைரஸ் இருக்கு. போன வாரம் ஒண்ணு அப்டேட் ஆகியிருக்கு. அதுலேர்ந்து நீங்க எந்தப் படத்தைத் திறந்தாலும், நான்தான் சோதிப்பேன், நான்தான் சோதிப்பேன்னு ரெண்டும் இழுபறி. மெஷின் தாங்காம விழுந்துடுது."

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு அவன் போட்டது. ஆள் போயி ஆறு வருஷமாச்சு, இன்னும் என் பிராணனை வாங்கறான் பாரு!"

"யாரு சார் அவர்?"

"கூட்டாளி. ரெண்டு பேருமாச் சேர்ந்துதான் இந்தக் கடையைத் திறந்தோம்."

சொல்லும்போதே குரல் தானாக இறங்கிவிட்டது. முதன்முதலில் கம்ப்யூட்டர் வாங்கிய நாள் ஞாபகம் வந்தது. இவர் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் நெட்டையன் மானிட்டரை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி, "பள்ளம்டா! மெதுவாடா, பாவி!" என்று வழிநெடுகக் கத்திக்கொண்டே வந்தான். கம்ப்யூட்டர் அறைக்குள் செருப்போடு ஒருத்தரை விடமாட்டான். கடை அடைக்கும்போது அதைத் துண்டால் போர்த்திவிட்டு, "தூங்குடா ராஜா" என்பான். ஹூம், அதெல்லாம் ஒரு காலம்!

"அப்புறம் என்னாச்சு சார்?"

"நாங்க எடுத்த படத்தையெல்லாம் எதிர்க்கடைக்குக் கொடுக்கறான்னு யாரோ சொன்னாங்க. மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். ஒரு வார்த்தை பேசாம கிளம்பிப் போயிட்டான். அதை விடு. அவன் போட்டது எப்பவோ காலாவதி ஆகியிருக்கும். செத்தும் தொல்லை கொடுக்குது."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"காலாவதி ஆனது இப்படி மல்லுக்கு நிக்காது சார். இதுக்கு ஆயுசே ஒரு வருஷம்தான். வருஷா வருஷம் யாராவது புதுப்பிக்கணும். போன மாசம்கூடப் புதுப்பிச்சிருக்காங்க."

"நான் இல்லையே!"

"யார் பேர்ல இருக்குன்னு நீங்களே பாருங்க."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். நெட்டையனுடைய மெயில் முகவரி. அதன் கீழே வரிசையாக ஆறு தேதிகள். ஒரு வருஷம்கூட விட்டுப்போகவில்லை.

"அடப்பாவி..."

பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

அவள் கேட்டாள்.

"ரெண்டுல ஒண்ணை எடுத்தாப் போதும் சார், சரியாயிடும். அவரோடதை எடுத்துடட்டுமா?"

"வேண்டாம்மா. என்னோடதை எடு."

"உங்களோடதும் நல்லதுதான் சார். எதுக்கும் யோசிச்சு..."

"எடுத்துடும்மா. அவன் போன மறுநாளே, வெளியிலேர்ந்தே கம்ப்யூட்டருக்குள்ள புகுந்து படத்தையெல்லாம் திருடிடுவானோன்னு பயந்து நான் போட்டது அது."