பதிவில் இல்லாத வீரையா

உலகப் போரில் ஜப்பானியர் ஆட்களைக் கொண்டுபோய்ப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பிள்ளைகளுக்குக் காட்டவென்றே குணாளன் மலேசியாவின் ஈப்போவிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். நினைவிட நுழைவாயிலில் மகள் யாழிசைக்கும் மகன் கவினுக்கும் காதில் வழிகாட்டிக் கருவியை மாட்டிவிட்டார்கள். நினைவிட ஆவணத்தில் இல்லாத எந்தப் பேச்சையும் அது பிள்ளைகளின் காதில் விழ விடாது.

தண்டவாளத்தருகே குணாளன் குனிந்தான். “என்னோட கொள்ளுத்தாத்தா வீரையா போட்ட ரயிலு ரோடு இது. ரப்பர் தோட்டத்துலேர்ந்து ஜப்பான்காரன் பிடிச்சிட்டு வந்தான்.”

யாழிசை அவன் முகத்தையே பார்த்தாள். “வாய் மட்டும்தான் அசையுதுப்பா. ஒண்ணும் கேக்கல லா.”

அவன் கத்திப் பார்த்தான். அப்போதும் அவள் உதட்டைப் பிதுக்கினாள். கவினோ, எங்கோ தூரதேசத்திலிருந்து வந்து மாண்ட சிப்பாய்களின் பெயர்களைக் கருவி சொல்லச் சொல்ல ஒப்பித்துக்கொண்டிருந்தான். குணாளனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு கருவிகளையும் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டான்.

அங்கிருந்த ஊழியப் பெண் ஓடிவந்தாள். கருவி இல்லாத பிள்ளைகள் உள்ளே நிற்கக் கூடாதாம். அவன் எவ்வளவோ வாதாடியும் அவள் மசியவில்லை. கருவிகளை வாங்கிக்கொண்டு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டாள்.

பேருந்துகள் நின்ற இடத்தில், கொதிக்கும் வெயிலில், குணாளன் மறுபடி தொடங்கினான். “இப்ப கேக்குதா? வீரையாவ இங்கதான் கொண்டாந்தாங்க. அவரு திரும்பி வரவே இல்ல.”

“ஐயோ, பாவம்! அப்ப அவருக்கு என்ன வயசுப்பா?” என்றாள் யாழிசை.

“எப்படிச் செத்தாரு?” என்றான் கவின்.

 குணாளனுக்கு அவனுடைய அப்பா சொன்னதும் அவ்வளவுதான். அதற்கு மேல் அவனும் கேட்டதில்லை.