சிந்தாமல்

"எலும்பும் எடுத்துக்கிடலாமாம்மா?"

மதுரை ஆஸ்பத்திரியில் அன்று, உறுப்பு தானம் பற்றிப் பேச வந்த ஒரு சின்னப் பெண் அவளிடம் அப்படித்தான் கேட்டாள். கண்ணையும் ஈரலையும் கேட்டு முடித்தபின், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

அவள் தலையசைத்தாள்.

பக்கத்தில் புருஷன் இல்லை. இறந்த மகனுக்கு உடுத்த வேட்டி வாங்கப் போயிருந்தார்.

இப்போது பல் ஆஸ்பத்திரி நாற்காலி பின்னால் சாய்ந்துகொண்டே போகிறது. தலைக்கு மேல் வெள்ளை விளக்கு. வலப்பக்கத் தாடை அவளுடையதாக இல்லை. ஊசி போட்டு மரத்துவிட்டது.

பல் டாக்டர் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். உள்ளே வெள்ளைப் பொடி. ரவை மாதிரி.

"இதுதாம்மா அந்த எலும்பு. இறந்துபோனவங்களோட குடும்பம் தானமாக் கொடுத்தது. சுத்தம் பண்ணி அனுப்புவாங்க."

புதுப் பல் ஊன்றத் தாடையில் எலும்பு போதாது, வைக்க வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். கடையில் விற்கிற ஏதோ ஒன்று என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

"யாரு..."

மரத்த உதடு அதற்கு மேல் போகவில்லை.

"அது எங்களுக்கே தெரியாதும்மா."

கதவருகே அவர் நிற்கிறார். கையில் மஞ்சள் பை. வெளியே இருங்கள் என்று யாரும் சொல்லவில்லை.

மகனை எரித்த மறுநாள் பால் தெளிக்கப் போனவர் அவர். சாம்பலைக் கிளறிய ஆள் குச்சியைப் பாதியில் நிறுத்திவிட்டானாம். கால் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கருகி உருகிய பிளாஸ்டிக் குழாய். எலும்பை எடுத்த இடத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் வைத்துத் தைத்தது.

ஆற்றில் கரைக்க எலும்பு பொறுக்கிய கலயத்தின் அடிகூட நிறையவில்லை.

"பெத்தவனுக்குப் பொறுக்க ஒரு எலும்பு மிச்சம் வைக்கலியே, நீயெல்லாம் ஒரு தாயா?" என்று நாத்தனார்தான் தெருவுக்கே கேட்கக் கத்தினாள்.

அவர் கத்தவில்லை. அன்றிலிருந்து அவளிடம் பேசவுமில்லை. சோறு வேண்டுமென்றால் தட்டை விரலால் தட்டுவார்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்துக் கடித்து அவளுக்குப் பல் ஆடியது. பிடுங்கினார்கள். வேறு பல் வைக்காமல் விட்டுவிட்டாள். அந்த இடத்தில் எலும்பும் கரைந்துபோனது. ஒரு நாள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். பேருந்தில் இரண்டு டிக்கெட் எடுத்தார். அப்படித்தான் இங்கே வந்தார்கள்.

"அக்கா, நல்லாத் திறங்க. நான் ஒண்ணும் உள்ள வந்து உக்காந்துக்கிட மாட்டேன்" என்கிறாள் நர்ஸ்.

திறக்கிறாள்.

எச்சிலை உறிஞ்சும் குழாய் சலசலக்கிறது. கூழாங்கல் மேல் தண்ணீர் ஓடுகிற சத்தம். விளக்கு பெரிதாகி நடுப்பகல் ஆறாகிறது. அவள் அதில் மல்லாந்து மிதக்கிறாள். முதுகுக்குக் கீழே தாமிரபரணி.

நெஞ்சின் மேல் ஏதோ கனக்கிறது.

இசக்கி.

பல் முளைக்காத வயதில் அவள் மகன் இசக்கி. ஈறு அரித்தால் அவளுடைய தாடையைத்தான் கடிப்பான். வலப்பக்கம். எச்சில் வழிய வழிய. வாயில் எதைக் கொடுத்தாலும் துப்பிவிட்டு மறுபடி அங்கேதான் வருவான். மாமியார்கூடச் சிரிப்பாள்: "உன் தாடைய முழுசாத் தின்னுட்டுத்தான்டீ விடுவான்."

தின்னுடா, என்கிறாள் அவள் ஆற்றுக்குள்ளிருந்து.

டாக்டர் குப்பியைத் திறக்கிறார். பொடியைக் கரண்டி நுனியில் எடுக்கிறார். கரண்டி நடுவழியில் நிற்கிறது. நர்ஸ் விளக்கைத் திருப்புகிறாள்.

"சிந்தாமப் போடுங்க."

நர்ஸ் திரும்பிப் பார்க்கிறாள். டாக்டரும் பார்க்கிறார்.

அவர் கதவருகே இல்லை. அவளுடைய கால்மாட்டில் நிற்கிறார். அவருடைய குரல் இப்படித்தான் இருக்கும் என்பதை அவள் மறந்தே போயிருந்தாள்.

"ஒரு துளி சிந்தாது, ஐயா."

பொடி உள்ளே போகிறது. வலிக்கவில்லை. யாரோ தாடையை ஈரமாகக் கடிக்கிற மாதிரி இருக்கிறது.

பிறகு தையல். பிறகு பஞ்சு. நாற்காலி மெல்ல நிமிர்கிறது. ஆறு வடிந்து விளக்காகிறது.

"கடிச்சுப் பிடிங்கம்மா. இன்னிக்கு அதிகம் பேச வேண்டாம். போகப்போக அது உங்க எலும்பாவே மாறிரும்."

நர்ஸ் தட்டைச் சுத்தம் செய்கிறாள். கத்தரித்த நூல், ரத்தப் பஞ்சு, ஊசி. வெறும் குப்பியைத் தொட்டியில் போடக் கையை நீட்டுகிறாள்.

அவர் குறுக்கே கை நீட்டினார். இரண்டு கையையும் சேர்த்து, கோயிலில் தீர்த்தம் வாங்குகிற மாதிரி.

நர்ஸுக்குப் புரியவில்லை. டாக்டர் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் கொடு என்பதுபோல் கண்ணை மூடித் திறந்தார்.

குப்பி கைக்கு மாறியது. அடியில் வெள்ளையாக ஒரு துகள் ஒட்டியிருந்தது.

மஞ்சள் பையிலிருந்து துவைத்து மடித்த வெள்ளைத் துண்டை எடுத்தார். குப்பியை அதில் வைத்தார். மூலைக்கு மூலை இழுத்து முடிச்சுப் போட்டார்.

போகும்போது அவள் முன்னால் நின்றார். வீங்கத் தொடங்கியிருந்த அவளுடைய வலப்பக்கத் தாடையைப் பார்த்தார். புறங்கையால் ஒருமுறை தொட்டார். காய்ச்சல் இருக்கிறதா என்று பிள்ளைகளைத் தொட்டுப் பார்ப்பதுபோல.

அவள் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

படியில் செருப்புச் சத்தம் இறங்கியது. அவள் எழுந்து ஜன்னலுக்குப் போனாள்.

பஸ் நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. அவர் அங்கே நிற்கவில்லை. முடிச்சை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல், ஆற்றுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.