மட்டையின் ஓரம்

ஹாக்கி மட்டையின் தட்டைப் பக்கம்தான் எப்போதும் பந்தை அடிக்கும். மெல்லிய ஓரத்துக்கு வேலையே கிடையாது. ஒருநாள் ஆட்டக்காரி ஜெசிந்தா மட்டையைத் திருப்பி, தரையோடு சாய்த்து, ஓரத்தால் அடித்துப் பழக ஆரம்பித்தாள். பந்து அசையவில்லை, மண்தான் பெயர்ந்தது.

"என்ன தம்பி, உழவு நடக்குதா?" என்று சிரித்தது தட்டை.

"பழகிட்டு இருக்கேண்ணே" என்றது ஓரம்.

போட்டியின் கடைசி நிமிடம். பந்து ஜெசிந்தாவின் இடப்பக்கம் வந்தது. சுற்றிப் போய்த் தட்டையால் அடிக்க நேரமில்லை. முழங்கால் மண்ணில் உரச, மட்டையைத் தாழ்த்தி வீசினாள். ஓரம் அடித்த அடியில் பந்து கோலுக்குள் பாய்ந்தது.

"பிரமாதம்!" என்றது பந்து, வலையில் கிடந்தபடியே.

தட்டை தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நான் விலகி வழிவிட்டதாலதானே!"